சுத்தியல் இல்லாத படம்: அளவு சாராமையைக் கைக்கணக்கால் கற்க ஒரு வழிகாட்டி

நிலவியலாளர்கள் பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பார்கள். அது இல்லாவிட்டால் படத்தில் இருப்பது உள்ளங்கை அகலக் கல்லா, முழு மலைச்சரிவா என்று எடுத்தவருக்கே பிறகு சொல்லத் தெரியாது. விரிசலுக்குள் விரிசல், மடிப்புக்குள் மடிப்பு. கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் ஒரே சாயல். மனித முகத்தைப் படம் எடுப்பவருக்குச் சுத்தியல் தேவையில்லை, ஏனென்றால் முகத்துக்கென்று ஓர் அளவு உண்டு. அப்படிச் சொந்த அளவு இல்லாத தன்மைக்குத்தான் அளவு சாராமை என்று பெயர்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு கருத்து பொதுமை. ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத பொருள்கள், ஒரு குறிப்பிட்ட இடத்தில், கடைசி இலக்கம் வரை ஒரே எண்ணைக் காட்டுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இரண்டையும் கற்க வருபவர்களைப் பாடநூல்கள் பெரும்பாலும் புலக்கோட்பாடு என்ற கடினமான இயற்பியல் கணிதத்துக்குள் தள்ளிவிடுகின்றன. அது தலைகீழ் வரிசை என்பது என் கருத்து. ஓர் அடுக்கெண்ணைத் தன் கையால் ஒருமுறை கண்டுபிடித்தவருக்குத்தான் அந்தக் கோட்பாடு எதற்கு விடை தேடுகிறது என்பது புரியும். பள்ளி இயற்கணிதம், மடக்கை, ஒரு கால்குலேட்டர், ஒரு பழைய செய்தித்தாள் ஆகியவை இருந்தால் போதும்.

முதல் படி: இரட்டிப்புச் சோதனை

எந்த அளவை எதிர்ப்பட்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளீட்டை இரட்டிப்பாக்கினால் விளைவு எத்தனை மடங்காகிறது? அடுத்து, வேறோர் இடத்திலிருந்து தொடங்கி இரட்டிப்பாக்கினாலும் அதே மடங்குதானா?

சதுரத்தின் பக்கம் 2-இலிருந்து 4 ஆனால் பரப்பு நான்கு மடங்காகிறது. 2000-இலிருந்து 4000 ஆனாலும் நான்கு மடங்குதான். எங்கே தொடங்கினோம் என்பது விடையில் தெரிவதே இல்லை. இது அடுக்கு விதி. கதிரியக்கப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அரை ஆயுள் கழிந்த நிலையிலிருந்து இரண்டு அரை ஆயுளுக்குப் போனால் மிஞ்சியிருப்பது பாதியாகிறது. பத்திலிருந்து இருபதுக்குப் போனால் 1024-இல் ஒரு பங்காகிறது. இரண்டுமே இரட்டிப்புதான், விடை வேறு. அதாவது அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்தக் கடிகாரமோ சொந்த அடிக்கோலோ இல்லாத ஒரே வகைச் சார்பு அடுக்கு விதிதான். அளவு சாராமையைத் தேடுகிறவர்கள் எப்போதும் அடுக்கெண்களைத் துரத்துவது அதனால்தான்.

உலகமே அளவு சாராதது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். ஓர் உயிரினத்தை அப்படியே பெரிதாக்கினால் எடை நீளத்தின் கனமாகவும் எலும்பின் வலிமை நீளத்தின் வர்க்கமாகவும் கூடும், ஆகவே அரக்கனுக்கு மனித எலும்பின் வடிவம் போதாது என்று கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். விலங்குகளின் வளர்சிதை வீதம் உடல் எடையின் 3/4 அடுக்காகக் கூடுகிறது என்று மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டினார். எடை பத்து மடங்கானால் ஆற்றல் தேவை ஏறக்குறைய 5.6 மடங்குதான் ஆகும். அது 3/4-ஆ 2/3-ஆ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அடுக்கெண்ணை அளப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தச் சண்டையே சாட்சி.

இரண்டாம் படி: ஏழு காகித உருண்டைகள்

செய்தித்தாளின் ஒரு முழுத்தாளை எடுங்கள். இன்னொரு தாளைப் பாதியாகவும், மற்றொன்றைக் கால் பங்காகவும், இப்படியே 64-இல் ஒரு பங்கு வரை வெட்டுங்கள். ஏழு துண்டுகள், ஒவ்வொன்றின் எடையும் முந்தையதில் பாதி. எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே அழுத்தத்தில் கசக்கி உருட்டுங்கள். ஒவ்வோர் உருண்டையின் விட்டத்தையும் நான்கைந்து திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். உருண்டை கோணல்மாணலாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம்.

இப்போது மிகப் பெரிய உருண்டையின் விட்டத்தை மிகச் சிறியதன் விட்டத்தால் வகுங்கள். எடை வித்தியாசம் 64 மடங்கு. தாள் தட்டையாகவே இருந்திருந்தால் நீள விகிதம் 8. களிமண் உருண்டைபோல உள்ளே இடைவெளியின்றி நிரம்பியிருந்தால் 64-இன் கனமூலமான 4. உங்களுக்கு இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 5.3 கிடைக்கும். 64-இன் மடக்கையை 5.3-இன் மடக்கையால் வகுத்தால் 2.5. கசக்கிய காகிதம் இரு பரிமாணப் பரப்புமில்லை, முப்பரிமாணத் திண்மமுமில்லை. அதன் பரிமாணம் ஏறக்குறைய இரண்டரை. ஃப்ராக்டல் என்று சொல்லப்படும் பொருள் உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது.

இந்தச் சோதனையில் விட்டுவிடக்கூடாத இரண்டு விஷயங்கள் உண்டு. இறுக்கிக் கசக்குபவரின் உருண்டைகள் எல்லாமே சிறியவையாக இருக்கும், ஆனால் அவற்றின் விகிதம் அவ்வளவாக மாறாது. முன்னால் நிற்கும் குணகம் கைக்குக் கை மாறுகிறது, அடுக்கெண் பிடிவாதமாக நிற்கிறது. பின்னால் வரப்போகும் பொதுமையின் நிழல் இது. அடுத்தது, தபால்தலை அளவுக்குக் கீழே போனால் கணக்கு கெட்டுப்போகும். அங்கே தாளின் தடிமன் குறுக்கிடுகிறது. அளவு சாராமைக்குக் கீழே ஒரு தரையும் மேலே ஒரு கூரையும் எப்போதும் உண்டு. கடற்கரையின் நீளம் அடிக்கோல் சிறுக்கச் சிறுக்கக் கூடிக்கொண்டே போவதை லூயி ஃப்ரை ரிச்சர்ட்சன் கவனித்தார். மாண்டல்ப்ராட் 1967-இல் அதற்குப் பரிமாணக் கணக்கு கொடுத்தார். பிரிட்டனின் மேற்குக் கரைக்கு வந்த விடை ஏறக்குறைய 1.25. அங்கும் மணல்துகள் அளவுக்கு இறங்கிவிட்டால் ‘கரை’ என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும்.

மூன்றாம் படி: நேர்கோட்டை நம்பாமல் இருக்கப் பழகுவது

இரண்டு அச்சுகளிலும் மடக்கை எடுத்து வரைந்தால் அடுக்கு விதி நேர்கோடாகிவிடும், சாய்வே அடுக்கெண். இதைக் கற்ற வாரத்தில் எல்லாருக்கும் உலகம் முழுக்க நேர்கோடாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஒரு தரவுத்தொகுதியை வரைந்து, கோட்டைப் பொருத்தி, அடுக்கெண்ணை இரண்டு தசம இலக்கத்தில் எழுதி மகிழ்ந்தேன். பிறகு பார்த்தால், அது மடக்கை இயல்நிலைப் பரவலிலிருந்து (மதிப்புகளின் மடக்கையை எடுத்தால் மணி வடிவம் தரும் பரவல்) வந்த தரவு. அந்தப் பரவலும் குறுகிய இடைவெளியில் கிட்டத்தட்ட நேராகத்தான் தெரியும்.

அதனால் கோடு குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று பத்து மடங்குகளாவது நீளாமல் வாயைத் திறக்க வேண்டாம். நிகழ்வுகளின் பரவலைப் பார்க்கும்போது, ‘இவ்வளவு அளவுள்ளவை எத்தனை’ என்று எண்ணுவதைவிட ‘இவ்வளவுக்கு மேல் எத்தனை’ என்று எண்ணுவது நல்லது. வால்பகுதியின் இரைச்சல் அடங்கும். அப்போது சாய்வின் அளவு ஒன்று குறைந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். இறுதி மதிப்பைக் கோட்டைப் பொருத்தி எடுக்காமல், புள்ளியியலார் பயன்படுத்தும் பெரும வாய்ப்பு முறையில் (கையிலுள்ள தரவு கிடைக்கும் வாய்ப்பை மிகப் பெரிதாக்கும் மதிப்பைத் தேர்வது) எடுங்கள். க்ளாசெட், ஷலிசி, நியூமன் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அடுக்கு விதி என்று பேர்பெற்றிருந்த பல தரவுகளைச் சோதித்து, அவற்றில் சில தேறவில்லை என்று காட்டினார்கள். அந்த முறையைப் படித்துவிட்டுத் தொடர்வது காலவிரயம் ஆகாது.

தேறிய உதாரணம் வேண்டுமானால் நிலநடுக்கங்கள். ரிக்டர் எண் ஒன்று கூடினால் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிறது, வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்காகிறது. ஆகவே ‘வழக்கமான நிலநடுக்கம்’ என்று ஓர் அளவைச் சொல்லவே முடியாது. பெரியது வேறு சாதி, சிறியது வேறு சாதி என்று பிரிக்கும் கோடு அந்தப் புள்ளிவிவரத்தில் இல்லை.

நான்காம் படி: பால்போல் கலங்கும் குழாய்

இதுவரை பார்த்தவை அளவு சாராமையின் உதாரணங்கள். அது ஏன் வருகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் இடம் மாறுநிலைப் புள்ளி.

தடித்த கண்ணாடிக் குழாயில் கார்பன் டை ஆக்சைடைத் தகுந்த அளவு அடைத்து மூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரவம், மேலே வாயு, நடுவே தெளிவான கோடு. மெல்லச் சூடாக்கினால் திரவம் விரிந்து அடர்த்தி குறைகிறது, வாயு நெருங்கி அடர்த்தி கூடுகிறது. ஏறக்குறைய 31 டிகிரி செல்சியஸ், 73 வளிமண்டல அழுத்தத்தில் இரண்டும் ஒன்றாகிக் கோடு மறைந்துபோகும். தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் இதை விவரித்தார். கோடு மறையும் தறுவாயில், அதுவரை தெளிந்திருந்த குழாய் பால்போல் கலங்குகிறது.

ஏன் கலங்க வேண்டும்? அடர்த்தி எப்போதும் இங்கே கொஞ்சம் கூடி அங்கே கொஞ்சம் குறைந்துகொண்டே இருக்கும். சாதாரண நிலையில் அந்தத் திட்டுகள் சில மூலக்கூறுகளின் அகலம்தான். ஒரு மூலக்கூறின் போக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கும் மற்றொன்றை எட்டுகிறது என்பதைத் தொடர்பு நீளம் என்பார்கள். மாறுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க அது வளர்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமான 400 முதல் 700 நானோமீட்டரை எட்டியதும் ஒளி சிதறிக் குழாய் கலங்குகிறது. சரியாக அந்தப் புள்ளியில் தொடர்பு நீளம் முடிவிலி. எல்லா அளவுத் திட்டுகளும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், எந்த அளவுக்கும் தனி மரியாதை இல்லை. நிலவியலாளரின் சுத்தியல் இங்கேயும் தேவைப்படும்.

புதியவர்கள் தவறும் இடம் ஒன்று: எல்லா நிலைமாற்றங்களிலும் இது நடக்காது. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் நீர் கொதிக்கும்போது அடர்த்தி ஒரே தாவாகத் தாவுகிறது, தொடர்பு நீளம் சிறியதாகவே இருக்கிறது. நீரின் மாறுநிலைப் புள்ளியைப் பார்க்க 374 டிகிரிக்கும் ஏறக்குறைய 218 வளிமண்டல அழுத்தத்துக்கும் போக வேண்டும்.

ஐந்தாம் படி: எது முக்கியம், எது முக்கியமில்லை

குழாயில் கோடு மறையுமுன் திரவ அடர்த்திக்கும் வாயு அடர்த்திக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது அல்லவா? மாறுநிலை வெப்பநிலையிலிருந்து நாம் எவ்வளவு விலகியிருக்கிறோமோ, அதன் ஓர் அடுக்காக அது சுருங்குகிறது. அந்த அடுக்கெண்ணின் பெயர் பீட்டா. வாயுவையும் திரவத்தையும் சேர்த்து விவரிக்கும் பழைய வான்டர்வால்ஸ் சமன்பாடு பீட்டா 1/2 என்கிறது. குகன்ஹைம் 1945-இல் நியான், ஆர்கான், மீத்தேன், ஆக்சிஜன் உள்ளிட்ட எட்டுப் பொருள்களின் தரவுகளை, ஒவ்வொன்றின் மாறுநிலை மதிப்பாலும் வகுத்து ஒரே தாளில் வரைந்தார். எட்டும் ஒரே வளைகோட்டில் விழுந்தன, அடுக்கெண் 1/3-ஐ ஒட்டியிருந்தது. இன்றைய மதிப்பு 0.326.

இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றினால் கால்குலேட்டரை எடுங்கள். மாறுநிலையிலிருந்து ஒரு சதவீதம் விலகலில், 0.01-இன் 0.5 அடுக்கு 0.1, 0.326 அடுக்கு 0.22. இரண்டு மடங்குக்கும் மேல் தப்பு. இதை எந்தச் சோதனைக்கூடமும் கண்டுபிடித்துவிடும்.

வாயுக்கள் ஒன்றுபோல் இருப்பதில் அதிசயம் குறைவு என்று சொல்லிவிடலாம். ஆனால் அணுக்காந்தங்கள் ஒரே அச்சில் மேலே அல்லது கீழே என மட்டும் திரும்பக்கூடிய திண்மக் காந்தத்தைச் சூடாக்கினால், அதன் காந்தமாக்கமும் மறையும் முன் அதே 0.326-ஐத்தான் காட்டுகிறது. ஒன்று குழாய்க்குள் அலையும் மூலக்கூறுகள், மற்றது படிகத்தில் கட்டுண்ட அணுக்கள். பொதுவானவை முக்கியமாக இரண்டு: இரண்டும் முப்பரிமாணம், இரண்டிலும் தேர்வு ‘இதுவா அதுவா’ என்ற இருவழித் தேர்வு. அணுக்காந்தம் எல்லாத் திசையிலும் திரும்பலாம் என்றால் எண் மாறி ஏறக்குறைய 0.37 ஆகும். ஒரே அச்சுக் காந்தத்தை இரு பரிமாணத்துக்குக் கொண்டுவந்தால் 1/8. லார்ஸ் ஆன்சாகர் 1944-இல் தீர்த்த ஐசிங் மாதிரி அது. 1/8-க்கான நிறுவலை யாங் 1952-இல் வெளியிட்டார்.

ஆக, முக்கியமானவை பரிமாணம், சமச்சீர் (தேர்வு இருவழியா, எல்லாத் திசையுமா என்பது), இவற்றோடு விசை எட்டும் தூரம். மூலக்கூறின் வடிவம், பிணைப்பின் வலிமை, படிகத்தின் வகை இவையெல்லாம் மாறுநிலை வெப்பநிலை எது என்பதை முடிவுசெய்யும், அதற்கு மேல் அவற்றுக்குப் பேச்சில்லை. இதை எவ்வளவு தூரம் சோதித்திருக்கிறார்கள் தெரியுமா? 2.17 கெல்வினில் ஹீலியம் உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மமாக மாறும் புள்ளியை, சில நானோகெல்வின் வரை நெருங்கி அளக்க 1992-இல் விண்வெளி ஓடத்தில் கருவியை ஏற்றினார்கள். பூமியில் ஈர்ப்பு விசை திரவத்தின் அடிக்கும் மேலுக்கும் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி மாறுபுள்ளியை மங்கவைத்துவிடுகிறது.

ஆறாம் படி: ஓர் அடுக்கெண்ணை நாமே கணக்கிடுவது

ஏன் விவரங்கள் மறைந்துபோகின்றன என்பதற்கு 1966-இல் லியோ கடனாஃப் ஒரு படம் கொடுத்தார், 1971-இல் கென்னத் வில்சன் அதை முழுக் கணிதமாக்கினார். மறுஇயல்பாக்கம் என்ற அந்த வேலைக்கு வில்சன் 1982-இல் நோபல் பரிசு பெற்றார். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அரைத்தாளில் செய்யலாம்.

முக்கோண வலை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ப என்ற நிகழ்தகவில் கறுப்பு பூசுகிறோம், இல்லையேல் வெள்ளை. கறுப்புப் புள்ளிகள் குறைவாக இருந்தால் சிறு சிறு தீவுகள். கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறுப்புப் பாதை திறக்கும். இதற்குக் கசிவு மாதிரி என்று பெயர்.

மூன்று புள்ளிகள் சேர்ந்த ஒரு முக்கோணத்தை ஒரே பெரிய புள்ளியாக்குங்கள். விதி பெரும்பான்மை: இரண்டோ மூன்றோ கறுப்பாக இருந்தால் பெரிய புள்ளி கறுப்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எட்ட நின்று பார்ப்பதன் கணித வடிவம் இதுதான். பெரிய புள்ளி கறுப்பாக இருக்கும் நிகழ்தகவு:

புதிய ப = ப³ + 3ப²(1 − ப)

0.45-இல் தொடங்கி விடையைத் திரும்பத் திரும்ப உள்ளே போடுங்கள். 0.425, 0.389, 0.336, 0.263, 0.171, 0.077 என்று சரிந்து வெள்ளைக் காட்டுக்குப் போய்விடும். 0.55-இல் தொடங்கினால் 0.575, 0.611, 0.664 என்று ஏறிக் கறுப்பாகும். சரியாக 0.5-இல் வைத்தால் மட்டும் அசையாது, அதுதான் நிலைப்புள்ளி. எத்தனை முறை எட்டப் போனாலும் படம் மாறவில்லை. அளவு சாராமைக்கு இதைவிட நேரடியான உருவம் எனக்குத் தெரியாது.

இனி அடுக்கெண். 0.5-இலிருந்து விலகலைக் கவனியுங்கள்: 0.05, பிறகு 0.075. ஒரு தடவைக்கு 1.5 மடங்கு. (வகைக்கெழு தெரிந்தவர்கள் 6ப − 6ப² என்பதில் 0.5 போட்டால் அதே 1.5 வரும்.) மூன்று புள்ளிகள் ஒன்றாவதால் பரப்பு மூன்றில் ஒரு பங்காகிறது, நீளம் √3 மடங்கு சுருங்குகிறது. விலகல் 1.5 மடங்கு வளர்வதும் தொடர்பு நீளம் (இங்கே தீவுகளின் அகலம்) √3 மடங்கு சுருங்குவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். ஆகவே தொடர்பு நீளத்தின் அடுக்கெண், அதாவது விலகல் குறையக் குறைய அது எந்த அடுக்கில் வளர்கிறது என்பது, √3-இன் மடக்கையை 1.5-இன் மடக்கையால் வகுத்தது: 0.5493 ÷ 0.4055 = 1.355. சரியான விடை 4/3, அதாவது 1.333. ஸ்மிர்னோவும் வெர்னரும் 2001-இல் இந்த முக்கோண வலைக்கு அதைக் கறாராக நிறுவினார்கள். நமக்குக் கிடைத்தது இரண்டு சதவீதத்துக்கும் குறைவான பிழையில்!

பொதுமைக்கான காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை கண்ணைச் சுருக்கும்போதும் புள்ளி வடிவம், அண்டைவீட்டு எண்ணிக்கை போன்ற விவரங்கள் சராசரிக்குள் கரைகின்றன. ‘நிலைப்புள்ளியிலிருந்து எவ்வளவு விலகல்’ என்ற ஒன்று மட்டும் வளர்கிறது. சதுர வலையில் பாதை திறக்கும் நிகழ்தகவு 0.593, முக்கோண வலையில் 0.5. திறக்கும் இடம் வேறு, திறக்கும் விதம் ஒன்றுதான். இரண்டிலும் கணினியில் அளந்தால் அதே 4/3.

வேகம் எடுக்கும் முன்

இந்தக் கட்டத்தில் பலர் மூளை, சந்தை, நகரம் என்று எல்லாவற்றிலும் மாறுநிலையைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பாக், டாங், வீசன்ஃபெல்ட் மூவரும் 1987-இல் மணற்குவியல் மாதிரியைக் கொடுத்தபோது, வெளியிலிருந்து யாரும் குமிழைத் திருகாமல் தானாகவே மாறுநிலைக்கு வரும் அமைப்பு என்று உற்சாகம் பரவியது. உண்மையான மணல் அவ்வளவாக ஒத்துழைக்கவில்லை. 1996-இல் ஆஸ்லோவில் அரிசிக் குவியலில் சோதித்தபோது நீள அரிசி அடுக்கு விதியைக் காட்டியது, உருண்டைக்கு நெருங்கிய அரிசி காட்டவில்லை. ‘விவரம் முக்கியமில்லை’ என்பதும் நிரூபிக்க வேண்டிய கூற்றுதான்.

அடுத்த பயிற்சிக்குச் சதுர வலையை எடுங்கள். இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்களை ஒன்றாக்குங்கள். மேலிருந்து கீழே கறுப்புப் பாதை இருந்தால் பெரிய கட்டம் கறுப்பு. பதினாறு அமைப்புகளையும் வரைந்து எண்ணினால் புதிய ப = 2ப² − ப⁴ என்று வரும். நிலைப்புள்ளி 0.618, உண்மை 0.593, பரவாயில்லை. அடுக்கெண்ணோ 1.635 வரும், 4/3-இலிருந்து நன்றாகவே தள்ளிப்போய்விட்டது. எங்கே தப்பு என்று கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்காதீர்கள், கணக்கு சரிதான். இரண்டு பெரிய கட்டங்கள் தனித்தனியே கறுப்பாக இருந்தாலும், அவற்றின் பாதைகள் எல்லைக்கோட்டில் ஒன்றையொன்று தொடாமல் போகலாம். நம் விதி அதைக் கவனிப்பதில்லை. தொடாமல் போகும் ஓர் அமைப்பை முதலில் காகிதத்தில் வரைந்து பாருங்கள். பிறகு மூன்றுக்கு மூன்றாக எடுத்துச் செய்யுங்கள். 512 அமைப்புகள், அதற்குக் கணினி வேண்டியிருக்கும்.